சிட்சையா, சோதனையா? காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடம் முன்பு கடன் வாங்கி மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார், பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்து பறிகூலிகூடத் தேறவில்லை. போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம். இப்போது மனைவிக்கு இரண்டாவது தடவையாகக் கரு கலைந்திருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த சபை மூப்பர் ஒருவர், "கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார் தம்பி, தசமபாகத்தை நிறுத்திவிட்டாய் அல்லவா, உள்ளே வேறு ஏதாவது மறைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். (சிட்சிப்பது என்றால் நம் பேச்சில் தண்டித்துத் திருத்துவது, தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது.) அன்றிலிருந்து மனைவி சபைக்கு வர மாட்டேன் என்கிறார். "இது சிட்சையா, சோதனையா, எப்படிக் கண்டுபிடிப்பது? பாடுகளில்தான் ஆவிக்குரிய வளர்ச்சி என்கிறார்களே, அந்த வளர்ச்சி எங்கே இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், ஞாயிறு பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்தவன், அவ்வளவுதான். சுருக்கமான பதில் போதுமென்றால், மூப்பர் சொன்னது தவறு, நீங்கள் கேட்கிற கேள்வியும் கொஞ்சம் தப்பான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஏன் என்று சொல்ல நேரம் பிடிக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் அதிக வருடம் வேலை பார்த்தது ஓசூர்ப் பக்கம். அங்கே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், அவர்களிடம் நானும் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். கன்னடத்தில் சிக்ஷே என்றால் தண்டனை, சிக்ஷண என்றால் கல்வி, வாத்தியாருக்குப் பெயரே சிக்ஷக. தெலுங்கிலும் அப்படித்தான், சிக்ஷ தண்டனை, சிக்ஷண பயிற்சி. நம் வேதத்தில் வருகிற சிட்சை அதே வேரிலிருந்து வந்த சொல். நம் பேச்சில் மட்டும் பிரம்பு என்கிற பாதி தங்கிவிட்டது, பாடம் என்கிற பாதி எங்கேயோ நழுவிவிட்டது. எபிரெயர் 12-இல் மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் பைதேயா, குழந்தை என்கிற சொல்லிலிருந்து பிறந்தது, ஒரு பிள்ளையை ஆளாக்குகிற முழு வேலைக்கும் அந்தக் காலத்தில் அதுதான் பெயர். எபேசியர் 6:4-இல் பிள்ளைகளை "கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்" வளர்க்கச் சொல்கிற இடத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. அங்கே நாம் யாரும் பிள்ளையைப் போட்டு அடி என்று படிப்பதில்லை, எபிரெயருக்கு வந்தவுடன் மட்டும் நமக்குச் சாட்டை ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, அதே எபிரெயர் 12-இன் 6-ஆம் வசனத்தில் "தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்" என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூலத்தில் அது சாட்டையடிக்கான சொல்லேதான், மழுப்ப மாட்டேன். வலிக்கும் என்று வேதமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் யாருக்கு எழுதியது என்று பாருங்கள், இரண்டு அதிகாரம் முன்னால் போய் 10:32 முதல் 34 வரை வாசியுங்கள். அந்த ஜனங்கள் விசுவாசத்துக்காக நிந்தை பட்டவர்கள், சொத்தைக் கொள்ளை கொடுத்தவர்கள், சிறையில் இருந்தவர்களோடு சேர்ந்து நின்றவர்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் அல்ல, சரியாக நடந்ததற்காக அடிபட்டவர்கள். அவர்களுக்கு வந்த அந்தத் துன்பத்தைத்தான் 12-ஆம் அதிகாரம் சிட்சை என்கிறது. அப்படியானால் "சிட்சை வந்திருக்கிறது, ஆகவே எங்கேயோ பாவம் இருக்கிறது" என்கிற கணக்கு அந்த அதிகாரத்துக்குள்ளேயே செல்லுபடியாகாது. மூப்பர் அந்த வசனத்தைச் சொல்லியிருப்பார், அதற்கு முன்னால் இருப்பதை வாசித்திருக்க மாட்டார்.

சிட்சையும் அபராதமும் வேறு. நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் சீட்டு கிழித்துக் கையில் கொடுக்கிறார், அதற்கப்புறம் நீங்கள் நல்ல ஓட்டுநர் ஆகிறீர்களா இல்லையா என்பது அவருக்குக் கவலை இல்லை, கணக்கு முடிந்தது. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அப்பா பின்னால் உட்கார்ந்து கத்துகிறார், தலையில் ஒரு தட்டு தட்டுகிறார், திரும்பவும் ஓட்டச் சொல்கிறார், அவருக்குக் கணக்கே கிடையாது, நீங்கள் உயிரோடு வீடு திரும்பினால் போதும். விசுவாசிக்கு அபராதம் என்று ஒன்று பாக்கி இல்லை. ஏசாயா 53:5 நமக்கெல்லாம் மனப்பாடம், "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது." அந்த ஆக்கினைக்கு, அதாவது தண்டனைக்கு, எபிரெய மூலத்தில் முசார் என்று இருக்கிறது, நீதிமொழிகள் 3:11-இல் "கர்த்தருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதே" என்கிற இடத்திலும் அதே முசார். ஒரே சொல், தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தண்டனை என்கிற பங்கு முழுவதும் சிலுவையில் அவர்மேல் போய்விட்டது, நமக்கு மிஞ்சியிருப்பது அப்பா கற்றுக்கொடுக்கிற பங்கு. இதில் உறுதி இல்லாவிட்டால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நாம் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்போம்.

இனி உங்கள் மாங்காய்க்கு வருகிறேன். பெங்களூரா விலை விழுந்த வருடம் யாருக்கு விழுந்தது? மாங்கூழ் கம்பெனி வாசலில் டிராக்டரோடு வரிசையில் நின்றவர்களில் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தவரும் இருந்தார், மசூதிக்குப் போகிறவரும் இருந்தார், எதற்கும் போகாதவரும் இருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டமே சேர்ந்து தசமபாகத்தை நிறுத்தியதா என்ன? விளைச்சல் கூடிப்போய், கம்பெனியில் பழைய கூழ் தேங்கிக் கிடந்தால் விலை விழும். சூரியனும் மழையும் நல்லவருக்கும் தீயவருக்கும் பொது என்று மத்தேயு 5:45-இல் இயேசுவே சொன்னார். நட்டமும் அப்படித்தான்.

உடம்பைப் பற்றிய பயத்துக்கு என் பல்லையே காட்டுகிறேன். நான் பிறந்தது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். சிரித்தால் பழுப்புக் கறை தெரியும், அதனால் கல்யாணப் போட்டோவில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான், சில பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப்போய்க் குனிய முடியாது. யார் பாவம் செய்தார்கள், இவர்களா இவர்களைப் பெற்றவர்களா? தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல் என்கிறார்கள், பல் முளைக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை வரும், பல வருடம் குடித்தால் எலும்பு கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது இதற்காகத்தான். குழாய் போட்டுத் தீர்க்க வேண்டிய வியாதிக்குப் பாவ அறிக்கை கேட்டால் எப்படி? பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது, இயேசு "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இரண்டு கதவையும் சாத்தினார். யோவான் 9. தர்மபுரிக்காரனுக்கு அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரையே தேவையில்லை.

கரு கலைவதும் அப்படித்தான். மருத்துவர்கள் சொல்வது, தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன, ஆரம்ப மாதங்களில் கலைவதில் பெரும்பகுதிக்குக் காரணம் கருவின் குரோமோசோமில் இருக்கிற கோளாறு. தாய் தூக்கிய குடத்தாலும் அல்ல, தகப்பன் கொடுக்காத காணிக்கையாலும் அல்ல. இரண்டு தடவை ஆகிவிட்டபடியால் காரணம் தேடிப் பரிசோதனை செய்யச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தசமபாகத்தை நிறுத்தியதற்காக வயிற்றுப் பிள்ளையை எடுத்தார் என்று சொல்ல எனக்குத் தெரிந்து ஒரு வசனம் கிடையாது. அப்படி எடுக்கிறவர் அப்பா இல்லை, வட்டிக்காரர்.

மூப்பர்மேல் எனக்கு முழுக்கக் கோபம் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த ரகம்தான். ரொம்ப வருடம் முன்பு எங்கள் தெருவில் ஒரு விதவைத் தாயின் மகன் தொப்பூர் கணவாயில் போய்விட்டான். அந்த இறக்கம் உங்களுக்குத் தெரியும், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று வந்தால் முன்னால் போகிறவன் யோக்கியனா அயோக்கியனா என்று பார்ப்பதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று லூக்கா 13-இல் இயேசு கேட்டது இதைத்தான். அதைப் பிள்ளைகளுக்கு நடத்தியவன் நான். நடத்தியும் என்ன, சவ வீட்டில் போய் நின்றவுடன் எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. வேதாகமத்தைத் திறந்து ரோமர் 8:28 வாசித்தேன், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சார், அந்த வசனம் எனக்கும் தெரியும். இப்ப வேணாம்" என்றார். இன்றுவரை அந்த வசனத்தை வாசிக்கும்போது அந்தக் குரல் கேட்கும். வசனத்தில் பிழை இல்லை. துக்கத்தில் இருப்பவர் தானாகப் போய் எடுத்துக்கொள்ள வேண்டிய வசனத்தை நான் அவர் வாயில் திணித்தேன்.

இப்படியெல்லாம் சொல்வதால் வேதம் பாவத்தையும் துன்பத்தையும் எங்கேயும் முடிச்சுப் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நேர்மையாக இருக்காது. தாவீதின் பிள்ளை செத்தது. கொரிந்து சபையில் சிலர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாய் இருந்தார்கள், பவுல் காரணம் சொல்கிறார், கர்த்தருடைய பந்தியில் பணக்காரர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு உட்கார வைத்தார்கள். அங்கேயும்கூட, உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படாதபடிக்குத்தான் கர்த்தராலே சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார், அதாவது ஆக்கினையிலிருந்து காப்பாற்றத்தான் சிட்சை. ஆனால் இந்த இடங்களிலெல்லாம் ஒன்றைக் கவனித்தீர்களா? காரணம் நேராகச் சொல்லப்படுகிறது. தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்கிறான், என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்று பெயரோடு சொல்கிறான். பிள்ளையை அடித்துவிட்டு எதற்கு அடித்தேன் என்று நீயே கண்டுபிடி என்கிற அப்பாவை நாம் அப்பா என்று சொல்ல மாட்டோம்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். உங்கள் மனதில் குறிப்பான ஒன்று குத்துகிறதா, இன்னாரை ஏமாற்றினேன், இன்ன பொய் சொன்னேன், இன்ன உறவை மறைத்து வைத்திருக்கிறேன் என்று, வசனம் வாசிக்கும்போதும் ஜெபிக்கும்போதும் திரும்பத் திரும்ப அதே விஷயம் வந்து நிற்கிறதா? வந்தால் மனந்திரும்புங்கள், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள், துன்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய வேண்டியதுதான். அப்படிக் குறிப்பாக ஒன்றும் இல்லாமல், ஏதோ தப்பு, எங்கேயோ தப்பு, நான் லாயக்கில்லாதவன் என்று பனிமூட்டம் போல ஒரு பயம் மட்டும் இருந்தால் அது ஆவியானவருடைய குரல் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. பலபேர் இந்தப் பனிமூட்டத்தில் வருடக்கணக்காக உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சிட்சையா சோதனையா என்று பெயர் வைக்கிற விஷயம். தமிழில் சோதனை என்கிற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது, யாக்கோபு முதல் அதிகாரத்திலேயே 2-ஆம் வசனத்தில் பலவிதமான சோதனைகளைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார், 13-இல் தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்கிறார். கிரேக்கத்திலும் இந்தக் குழப்பம் உண்டு, ஒரே வேர்ச்சொல்தான். பரீட்சையும் அதுவே, பாவத்துக்கு இழுப்பதும் அதுவே. வெளியே நடப்பது ஒரே சம்பவம், யோபின் பிள்ளைகள்மேல் வீடு விழுந்தது. சாத்தானுக்கு அது யோபை வீழ்த்த ஒரு வழி, தேவனுக்கு வேறு நோக்கம். யோபுக்கு எது என்று கடைசிவரை யாரும் சொல்லவே இல்லை, 42 அதிகாரம் முடிந்தும் பரலோகத்தில் நடந்த பேச்சு அவன் காதுக்குப் போகவில்லை. பெயர் தெரியாமலேயே அவன் தாண்டினான். உங்களுக்கும் தெரியாமல் போகலாம் தம்பி, தெரிந்தால்தான் வளர முடியும் என்று ஒரு சட்டமும் இல்லை.

வளர்ச்சி எங்கே என்று கேட்டீர்கள். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி காதலர் தினத்துக்குப் பூ ஏற்றுமதி ஆக வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கவாத்து செய்தாக வேண்டும், பூ வர ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடிக்கும். காய்ந்த குச்சியை மட்டும் வெட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, நன்றாக ஓடுகிற பச்சைக் கிளையையும் வெட்டுகிறார்கள், பார்க்கவே வயிறு எரியும். பெரிய வெட்டாக இருந்தால் பூஞ்சணம் ஏறாமல் இருக்கப் போர்டோ பசையைத் தடவிவிடுவார்கள், வெட்டினவனே மருந்தும் போடுகிறான். யோவான் 15:2-இலும் கனிகொடுக்கிற கொடிமேலும் கத்தி விழுகிறது, "அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்." கவாத்து முடிந்த வாரத்தில் அந்தத் தோட்டத்துக்குள் போய் வளர்ச்சி எங்கே என்று கேட்டால் மொட்டைச் செடியைத்தான் காட்டுவார்கள். நீங்கள் இப்போது அங்கே நிற்கிறீர்கள்.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது, மனுஷன் செடி இல்லை. எபிரெயர் 12:11-ஐப் பாருங்கள், எந்தச் சிட்சையும் தற்காலத்தில் துக்கமாய்க் காணும், பிற்காலத்தில் "அதில் பழகினவர்களுக்கு" பலன் தரும். அந்தப் பழகினவர்கள் என்பதற்குக் கிரேக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்தோடு சம்பந்தப்பட்ட சொல், ஜிம் என்று இன்று சொல்கிறோமே அதே வேர். கஷ்டம் வந்த எல்லாருக்கும் பலன் வரும் என்று வசனம் சொல்லவில்லை. கஷ்டத்தால் கசந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், விசுவாசிகளிலேயே. தினமும் அந்தப் பளுவை எடுத்து இறக்கிப் பழகுகிறவர்களுக்குத்தான் கை உரம் ஏறுகிறது.

என் கதையைச் சொன்னால்தான் விளங்கும். ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டாமல் ஊரை விட்டுப் போய்விட்டார், அசலும் வட்டியுமாக என் சம்பளத்தில் ஆறு வருடம் பிடித்தார்கள். இதில் வேடிக்கை, பிணைப்படாதே என்கிற நீதிமொழிகள் 6-ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்து, பென்சில் பரிசு கொடுத்தவனே நான்தான். முதல் இரண்டு வருடம் வளர்ச்சியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் எரிச்சல். ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்த ஆளின் முகம்தான் வரும், ஆமென் சொல்வதற்குள் அவனுக்கு நாலு சாபம் போட்டிருப்பேன். ஞாயிறு பள்ளியை விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். செய்ததெல்லாம் இவ்வளவுதான்: காலையில் ஒரு சங்கீதம் சத்தமாக வாசிப்பது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், 88-ஆம் சங்கீதம் மாதிரி இருளிலேயே முடிகிற சங்கீதம் வந்தால் அதையும். கடனை மறைக்காமல் இரண்டு நண்பர்களிடம் சொன்னது. அந்த ஆளுடைய பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம், முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு.

நாலாவது வருடமோ என்னவோ, ஒருநாள் என் மனைவி, "நீங்க இப்பல்லாம் பசங்கள ஃபீஸ் கட்டலன்னு வெயில்ல நிக்க வைக்கிறதில்ல" என்று சொன்னாள். எனக்கே அது தெரியாது. முன்பெல்லாம் கட்டணம் கொண்டுவராத பையனை நிற்க வைப்பேன், சோம்பேறித்தனம் என்று அவன் அப்பாவை வேறு திட்டுவேன். மாதக் கடைசியில் நானே கைமாற்று வாங்க ஆரம்பித்த பிறகு அது தானாக நின்றுபோயிருக்கிறது. வளர்ச்சி என்றால் எனக்குத் தெரிந்து இதுதான், பக்கத்தில் இருக்கிறவருக்கு முதலில் தெரியும், நமக்குக் கடைசியில்தான் தெரியும், பல சமயம் தெரியாமலே போகும். சாட்சி சொல்கிற நேரத்தில் கேட்கிற பெரிய கதைகளை வைத்து உங்களை அளக்காதீர்கள். கடனை அனுப்பியது தேவன்தானா என்று கேட்டால், என் முட்டாள்தனம்தான் அனுப்பியது என்பேன். அதை வைத்து எனக்கு அவர் பாடம் நடத்தினார் என்றும் சொல்வேன்.

வலியே இல்லாத வாழ்க்கையைக் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பிராண்ட் என்கிற மருத்துவர் 1914-இல் இந்தப் பக்கத்துக் கொல்லிமலையில் மிஷனெரி வீட்டில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளைக் கவனித்து அவர் கண்டது, விரல்கள் தானாக அழுகி விழவில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் அவர்களே சுடுபாத்திரத்தைப் பிடித்து, காயத்தோடு நடந்து கையையும் காலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வலி தெரியாததுதான் அங்கே வியாதி. எனக்கு அதைவிட அவருடைய பெற்றோர் கதைதான் முக்கியம். அப்பா ஜெஸ்ஸி 1929-இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். எந்த மறைவான பாவத்துக்காக? அம்மா எவ்லின் வயதான பிறகும் மலைகளை விடவில்லை, 1974-இல், 95 வயதில் சாகும்வரை அந்த ஜனங்களோடுதான் இருந்தார்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மனைவி சபைக்கு வராததை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். பெற்றவளுக்கு அது கரு இல்லை, பிள்ளை. நீங்கள் சிட்சை, வளர்ச்சி என்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அவர் இன்னும் அழுதே முடிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைக்க அவர் ஆசைப்பட்டால் வையுங்கள். கர்த்தரிடம் கோபமாகப் பேசினால் பேசட்டும், சங்கீதங்களில் பல அப்படித்தான் பேசுகின்றன. நான் இந்தப் பதிலில் எழுதிய எதையும் அவரிடம் வாசித்துக் காட்டாதீர்கள், இப்போது வேண்டாம். அவரை மறுபடி விசாரணைக் கூண்டில் ஏற்றாத ஒரு அக்காவோ அத்தையோ சபையில் இருந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா? பக்கவாதத்துக்குக் கைகால் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும், ஜெபித்துவிட்டுச் செய்யுங்கள், ஜெபித்துவிட்டதால் விட்டுவிடாதீர்கள். கடன் கொடுத்தவரைப் பார்த்து ஒளியாமல் மாதம் இவ்வளவுதான் முடியும் என்று நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். தசமபாகம், கையில் இருக்கும்போது சந்தோஷமாகக் கொடுங்கள், கடனுக்கு மேல் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், பயந்துகொண்டு கொடுப்பது காணிக்கை இல்லை.

மூப்பரைச் சபையில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். தனியாக, "ஐயா, நீங்கள் சொன்னது என் வீட்டுக்காரியை உடைத்துவிட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளலாம், முகம் சுளிக்கலாம். யோபின் நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல், அழுது புலம்பிய யோபின்மேல் அல்ல. அவர்களுக்காக ஜெபிக்கும்படி விட்டதும் அந்த யோபிடம்தான்.

தொப்பூரில் மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாவைச் சொன்னேனே. என் ஜாமீன் விவகாரம் ஊருக்குத் தெரிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு படி கேழ்வரகு மாவு. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. நேரே சமையலறைக்குப் போய் என் மனைவி பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தார், இரண்டு பேருமாகக் களி கிண்டினார்கள். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.